குறுகிய நேர உடற்பயிற்சியும் ரத்தக்குழாய் விறைப்பும்: இதய நோயாளிகள் கேட்கும் கேள்விகள்

இதய மறுவாழ்வுப் பிரிவில் பிசியோதெரபி என் வேலை. ஸ்டென்ட் வைத்தவர்கள், பைபாஸ் முடித்தவர்கள், இதயம் பலவீனமானவர்கள் என்று எல்லோரையும் வராந்தாவில் நடக்கவிட்டு ஸ்டாப்வாட்சோடு கூடவே போவேன். நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் சந்தேகங்கள் ஆரம்பிக்கும். அவை பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான் என்பதால் கேட்டவர்கள் வார்த்தையிலேயே இங்கே எழுதி வைத்திருக்கிறேன். இது பொதுவான விளக்கம். உங்கள் எக்கோ, டி.எம்.டி. (ட்ரெட்மில் சோதனை) ரிப்போர்ட்டையும் மாத்திரைச் சீட்டையும் பார்த்த மருத்துவர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதுதான் சரி.

1. ரத்தக்குழாய் விறைச்சுப் போச்சுன்னு சொன்னாங்க. அடைப்புன்னுதானே அர்த்தம்?

இல்லை, இரண்டும் வேறு. அடைப்பு என்பது குழாயின் உள்பக்கத்தில் கொழுப்பும் செல்களும் சேர்ந்து வழி குறுகுவது. விறைப்பு என்பது குழாயின் சுவரே நெகிழ்வை இழப்பது. வழி முழுவதும் திறந்திருந்தும் சுவர் விறைப்பாக இருக்கலாம். பழைய சைக்கிள் டியூபை நினைத்துக்கொள்ளுங்கள்: ஓட்டை இல்லை, அடைப்பும் இல்லை, ஆனால் இழுத்தால் நீளாது.

சுவரில் எலாஸ்டின், கொலாஜன் என்று இரண்டு வகை நார்கள் இருக்கின்றன. நீண்டு சுருங்குவது எலாஸ்டின். நீளாமல் முறுக்கிக்கொண்டு நிற்பது கொலாஜன். வயது ஏற ஏற எலாஸ்டின் நைந்துபோகிறது, உடல் அதைப் புதிதாகச் செய்வதும் அரிது. அந்த இடத்தைக் கொலாஜன் பிடித்துக்கொள்கிறது. சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம், சிறுநீரக நோய், புகை எல்லாம் இதை வேகப்படுத்தும். அடைப்பும் விறைப்பும் ஒரே ஆளிடம் சேர்ந்தே இருப்பது சகஜம், குழப்பம் வருவதற்கு அதுதான் காரணம்.

2. எனக்குத்தான் ஸ்டென்ட் வச்சு அடைப்பை எடுத்தாச்சே, அப்புறம் ஏன் இதைப் பத்திக் கவலைப்படணும்?

ஸ்டென்ட் இதயத்துக்குப் போகும் குழாயில் ஒரு சில சென்டிமீட்டர் நீளத்தைத்தான் சரிசெய்கிறது. விறைப்பு இருப்பது இதயத்திலிருந்து கிளம்பி வயிறு வரை போகும் மகாதமனியில். இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் நல்ல மகாதமனி கொஞ்சம் விரிந்து ரத்தத்தில் ஒரு பங்கைத் தேக்கி வைத்துக்கொண்டு, இதயம் தளரும் நேரத்தில் சுருங்கி அதை மெதுவாக அனுப்பும். விறைத்த மகாதமனி விரியாது. அதனால் துடிப்பின்போது அழுத்தம் எகிறும், தளரும்போது சட்டென்று விழும்.

இதயத் தசை தன் சொந்த ரத்தத்தைப் பெரும்பாலும் தளரும் நேரத்தில்தான் வாங்கிக்கொள்கிறது. அந்த நேரத்து அழுத்தம் விழுந்தால் இதயத்துக்கே பட்டினி. ஒருபக்கம் தள்ளவேண்டிய சுமை கூடுகிறது, மறுபக்கம் வரவு குறைகிறது. 2002இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஓர் ஆய்வில், இதயக் குழாய் அடைப்பு உள்ளவர்களில் யாருக்குப் பெரிய ரத்தக்குழாய்கள் அதிகம் விறைத்திருந்தனவோ அவர்களுக்கு ட்ரெட்மில்லில், இதயத்துக்கு ரத்தம் பற்றவில்லை என்று காட்டும் இ.சி.ஜி. மாற்றம் சீக்கிரமே வந்தது. மாடிப்படி ஏறும்போது எந்தப் படியில் மூச்சு வாங்குகிறது என்பதில் இதற்கும் ஒரு பங்கு இருக்கிறது.

3. இதை எப்படி அளக்கிறாங்க? வீட்டு பி.பி. மெஷின்ல தெரியாதா?

ஓரளவு தெரியும். மேல் எண்ணிலிருந்து கீழ் எண்ணைக் கழித்துப் பாருங்கள். 150/70 என்றால் இடைவெளி 80. ஐம்பது வயதுக்கு மேல் மேல் எண் ஏறிக்கொண்டே, கீழ் எண் இறங்கிக்கொண்டே போனால் அது பெரும்பாலும் விறைப்பின் கைவேலை. "கீழ் பி.பி. நல்லாத்தான் சார் இருக்கு" என்று நிம்மதியாகச் சொல்பவர்களிடம் நான் முதலில் இந்தக் கழித்தல் கணக்கைத்தான் போடச் சொல்வேன்.

சரியான அளவு என்றால் நாடி அலையின் வேகம். படுக்க வைத்து, பத்து நிமிடம் பேசாமல் இருக்கச் சொல்லி, கழுத்து நாடியிலும் தொடை இடுக்கு நாடியிலும் பென்சில் மாதிரி ஒரு கருவியை வைத்து, துடிப்பு முதல் இடத்திலிருந்து இரண்டாவது இடத்துக்கு வர எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்று பார்ப்பார்கள். நெகிழ்வான குழாயில் அலை மெதுவாகப் போகும், விறைத்த குழாயில் விரைந்து போகும். இளம் வயதில் வினாடிக்கு 5, 6 மீட்டர் என்ற அளவில் இருக்கும். 10 மீட்டரைத் தாண்டினால் கவனிக்க வேண்டிய விறைப்பு என்பது 2012இல் நிபுணர்கள் ஒத்துக்கொண்ட கோடு. 2010இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு, 17 ஆய்வுகளில் இருந்த 15,877 பேரைச் சேர்த்துப் பார்த்து, வேகம் வினாடிக்கு ஒரு மீட்டர் கூடினால் இதய, ரத்தக்குழாய்ப் பிரச்சினைகள் வரும் வாய்ப்பு சுமார் 14 சதவீதம் கூடுவதாகக் காட்டியது.

ஒரு எச்சரிக்கை. சில லேப்களில் இரண்டு கை, இரண்டு கால் நான்கிலும் பட்டை கட்டி அளக்கிறார்கள். அதில் கையிலிருந்து கணுக்கால் வரைக்கான எண் இயல்பாகவே பெரிதாக வரும். அதை இந்த 10 என்ற கோட்டோடு ஒப்பிட்டுப் பயப்படாதீர்கள்.

4. பத்து நிமிஷம் நடந்தா குழாய்க்குள்ள என்னதான் நடக்குது?

ரத்த ஓட்டம் கூடுகிறது. ஓடும் ரத்தம் குழாயின் உட்சுவரை உரசிக்கொண்டு போகிறது. அந்த உரசலை உணர்ந்து, உட்சுவரில் இருக்கும் மெல்லிய செல் அடுக்கு நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரக்கிறது. அது சுவரின் தசையைத் தளர்த்துகிறது. இந்த வாயு உடலுக்குள் தூதுவனாக வேலை செய்கிறது என்று கண்டதற்குத்தான் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998இல் மருத்துவ நோபல் பரிசு. நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை வேலை செய்வதும் இதே வழியில்தான்.

அதே நேரத்தில் எதிர்த்திசையிலும் ஒன்று நடக்கிறது. நடக்கும்போது நாடியும் ரத்த அழுத்தமும் ஏறுகின்றன. அழுத்தம் ஏறினால் சுவர் இழுபட்டு, சுமை எலாஸ்டினிலிருந்து கொலாஜன் பக்கம் சாய்கிறது. அதனால் அந்தச் சில நிமிடங்களுக்கு மகாதமனி இன்னும் விறைப்பாகத்தான் நடந்துகொள்ளும். ஒரே நடையில் இழுக்கும் சக்தியும் தளர்த்தும் சக்தியும் இருக்கின்றன. எது எப்போது ஜெயிக்கிறது என்பதில்தான் விஷயம், அடுத்த கேள்வி அதைப் பற்றியதே.

5. நடந்து முடிச்ச உடனே அளந்தாங்க, விறைப்பு கூடியிருக்குன்னு வந்துச்சு. அப்ப நடக்கிறது கெடுதலா?

அளந்த நேரம் தவறு, நடை தவறில்லை. ஒருமுறை செய்யும் நடை, சைக்கிள் போன்ற பயிற்சிகளை ஆராய்ந்தவர்கள் கண்டது இது: முடித்த முதல் ஐந்து நிமிடம் வரை மகாதமனியிலும் கைப்பக்கக் குழாய்களிலும் விறைப்பு கூடுதலாக இருக்கும். அதற்குப் பிறகு இறங்கி, பழைய நிலைக்கோ அதற்கும் கீழேயோ வந்துவிடும். கால் குழாய்கள் மட்டும் வேறு: உழைத்த தசைகளுக்கு ரத்தம் போக அவை முடித்த உடனேயே தளர்ந்திருக்கும். ஆக மூன்றாவது நிமிடத்தில் கழுத்துக்கும் தொடைக்கும் இடையே அளந்தால் ஒரு செய்தி, அரை மணி கழித்து அளந்தால் இன்னொரு செய்தி.

வீட்டில் பி.பி. பார்ப்பவர்களுக்கும் இதுவே. நடந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் பட்டையைக் கட்டாதீர்கள். அரை மணி நேரம் கழித்து உட்கார்ந்து பாருங்கள்.

6. அந்தத் தளர்வு எவ்வளவு நேரம் நிக்கும்?

அதிக நேரம் நிற்காது. 1997இல் மெல்போர்னில் நடந்த ஆய்வில், பயிற்சிப் பழக்கமில்லாத ஆரோக்கியமான இளைஞர்கள் மிதமான வேகத்தில் அரை மணி நேரம் சைக்கிள் மிதித்தார்கள். அரை மணி கழித்து அளந்தபோது குழாய்கள் நன்றாக நெகிழ்ந்திருந்தன. ஒரு மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிட்டன. வேறு சில ஆய்வுகளில் பலன் இன்னும் பல மணி நேரம், ஒரு நாள் வரைகூட, நீடித்திருக்கிறது. பயிற்சியின் அளவும் ஆளும் மாறினால் கணக்கும் மாறும்.

சிறு பயிற்சியின் பலன் சிறிது நேரத்துக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் நடந்துவிட்டு வாரம் முழுவதும் உட்கார்ந்திருப்பவரிடம் நான் இந்த ஒரு மணி நேரக் கணக்கைத்தான் சொல்வேன். தினமும் கொஞ்சம் நடப்பவருக்கு ஒரு தளர்வு கரைந்தாலும் மறுநாளே அடுத்தது வந்துவிடும். மாதக்கணக்கில் அப்படித் தொடரும்போதுதான் சுவரின் அடிப்படை நெகிழ்விலேயே மாற்றம் தெரிகிறது. உட்கார்ந்தே வாழ்ந்த நடுத்தர வயது ஆண்களை மூன்று மாதம் போல, பெரும்பாலும் நடையிலேயே, பயிற்றுவித்தபோது அவர்கள் கழுத்துக் குழாயின் நெகிழ்வு கணிசமாகத் திரும்பியது என்று 2000இல் ஓர் ஆய்வு வந்தது. அவர்கள் ஆரோக்கியமானவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

7. நல்லா இருக்கிறவங்ககிட்ட பண்ண ஆராய்ச்சியைச் சொல்றீங்க. ஹார்ட் பேஷண்டுக்கும் பொருந்துமா?

நியாயமான கேள்வி. விறைப்பை நேரடியாக அளந்த ஆய்வுகளில் பெரும்பங்கு ஆரோக்கியமானவர்களிடம் நடந்ததுதான். இதய நோயாளிகளிடம் நடந்தவை சிறியவை. நோயாளிகளில் உட்சுவர் ஏற்கெனவே சோர்ந்திருக்கும், நைட்ரிக் ஆக்சைடு குறைவாகச் சுரக்கும். அதனால் ஒரு நடைக்குக் கிடைக்கும் தளர்வும் குறைவாக இருக்கலாம். சுண்ணாம்பு படிந்துவிட்ட குழாய்ச் சுவரை எந்த நடையும் கரைக்காது. நீண்டகாலச் சர்க்கரை, சிறுநீரக நோய் உள்ளவர்களிடம் இதை மறைக்காமல் சொல்லிவிடுவேன்.

ஆனால் சோர்ந்த உட்சுவர் மறுபடி எழுந்திருக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஹாம்ப்ரெக்ட் குழுவினர் 2000இல் வெளியிட்ட ஆய்வு சிறியது, 19 பேர்தான். எல்லோரும் இதயக் குழாய் நோய் உள்ளவர்கள். அசிட்டைல்கோலின் என்ற பொருளை இதயக் குழாயில் செலுத்தினால் நல்ல குழாய் விரியும், நோயுற்ற குழாய் சுருங்கும். நான்கு வாரம் தினமும் பயிற்சி செய்தவர்களிடம் அந்தச் சுருக்கம் பாதிக்கு மேல் குறைந்தது, சரியாகச் சொன்னால் 54 சதவீதம். நான்கே வாரம் என்பதைக் கவனியுங்கள்.

இதில் பழைய கதை ஒன்றும் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் நெஞ்சுவலி நோயை முதன்முதலில் தெளிவாக விவரித்த லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன், தினமும் அரை மணி நேரம் மரம் அறுத்த ஒரு நோயாளி ஏறக்குறையக் குணமாகிவிட்டார் என்று குறித்து வைத்திருக்கிறார். அதற்குப் பிறகு 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதி முழுக்க மாரடைப்பு வந்தவர்களை வாரக்கணக்கில் கட்டிலிலேயே படுக்க வைத்தார்கள். 1952இல் லெவைனும் லவுனும் நோயாளியை நாற்காலியில் உட்கார வைத்ததே அன்று பெரிய புரட்சி.

8. ஒரேடியா அரை மணி நேரம் என்னால முடியல. பத்துப் பத்து நிமிஷமா பிரிச்சா கணக்குல வருமா?

தாராளமாக வரும். முன்பெல்லாம் ஒரு தடவைக்குப் பத்து நிமிடமாவது இருந்தால்தான் கணக்கு என்று சொல்வார்கள். 2018இல் அமெரிக்க வழிகாட்டுதலும், 2020இல் உலகச் சுகாதார அமைப்பும் அந்த நிபந்தனையையே எடுத்துவிட்டன. இப்போது மூன்று நிமிட நடையும் கணக்கில் சேரும்.

மேலே சொன்ன அதே லைப்சிக் குழு 2004இல் இன்னொரு ஆய்வு வெளியிட்டது. நிலையான இதயக் குழாய் நோய் உள்ள 101 ஆண்களில் ஒரு பாதிக்கு ஸ்டென்ட், இன்னொரு பாதிக்குப் பயிற்சி. பயிற்சிக் குழுவினர் முதல் இரண்டு வாரம் மருத்துவமனையில் பத்துப் பத்து நிமிடமாக நாளுக்கு ஆறு முறை சைக்கிள் மிதித்தார்கள். பிறகு வீட்டில் தினமும் 20 நிமிடம். ஒரு வருடம் கழித்துப் பிரச்சினை ஏதும் வராமல் இருந்தவர்கள் பயிற்சிக் குழுவில் 88 சதவீதம், ஸ்டென்ட் குழுவில் 70 சதவீதம். உடனே "அப்ப ஸ்டென்ட் வேண்டாமா?" என்று கேட்காதீர்கள். அவர்கள் நிலையாக இருந்தவர்கள், ஆய்வும் சிறியது, அன்றைய ஸ்டென்ட்டுகளும் வேறு. மாரடைப்பு வந்து கொண்டிருப்பவருக்கு ஸ்டென்ட் உயிர் காக்கும், சைக்கிள் காக்காது.

என் அனுபவத்தில் பிரித்துச் செய்பவர்கள்தான் விடாமல் செய்கிறார்கள். காலை டிபனுக்கு முன் ஒன்று, சாயங்காலம் ஒன்று, இரவுச் சாப்பாட்டுக்கு முன் வீட்டு வாசலில் ஒன்று. வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே மட்டும் வேண்டாம், ஒன்றரை மணி நேரமாவது விடுங்கள்.

9. எவ்வளவு வேகமா நடக்கணும்? 220ல வயசைக் கழிச்சு பல்ஸ் பார்க்கச் சொல்றாங்களே?

மெட்டோப்ரோலால், அட்டினலால், பைசோப்ரோலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அந்தக் கணக்கை மறந்துவிடுங்கள். அந்த மாத்திரை நாடியை ஏறவிடாமல் பிடித்து வைத்திருக்கும். கணக்கில் வந்த எண்ணைத் தொடுகிறேன் என்று ஓடினால் உங்கள் இதயத்தின் எல்லையைத் தாண்டிவிடுவீர்கள். டி.எம்.டி. செய்து, அதில் வந்த உங்கள் சொந்த எண்ணை வைத்து மருத்துவர் சொன்னால் அது சரி.

இல்லையென்றால் பேச்சை வைத்துப் பாருங்கள். நடந்துகொண்டே முழு வாக்கியம் பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது. ஸ்வீடனின் குன்னர் போர்க் உருவாக்கிய 6 முதல் 20 வரையான களைப்பு அளவுகோலில் 11 முதல் 13க்குள், அதாவது சுலபத்துக்கும் கொஞ்சம் கஷ்டத்துக்கும் நடுவில். எங்கள் சுவரில் அந்த அட்டவணை ஒட்டியிருக்கும். "எத்தனை?" என்று கேட்டால் ஆண்கள் பெரும்பாலும் இரண்டு எண் குறைத்தே சொல்வார்கள். மூச்சைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

10. வார்ம்-அப், கூல்-டவுன் எல்லாம் ஜிம்முக்குப் போறவங்களுக்குத்தானே?

எங்கள் பிரிவில் இதை ஒருவரும் தவிர்க்க நான் விடுவதில்லை. சிக்கல் நடையின் நடுவில் குறைவு, தொடங்கும்போதும் நிறுத்தும்போதும்தான் அதிகம். குளிர்ந்த உடம்போடு திடீரென்று வேகமெடுத்தால் அழுத்தம் சட்டென்று ஏறும், விறைத்த மகாதமனி அதைத் தாங்கி உறிஞ்சாது, முழு அடியும் இதயத்தின் மேல் விழும். ஐந்து நிமிடம் சாவகாசமாக நடந்து தொடங்கினால் நைட்ரிக் ஆக்சைடு முன்கூட்டியே வேலையை ஆரம்பித்துவிடும்.

நிறுத்துவதும் அப்படித்தான். நடக்கும்போது கால் குழாய்கள் விரிந்திருக்கும், கால் தசை ஒவ்வொரு அடிக்கும் ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருக்கும். சட்டென்று நின்றால் தள்ளுவது நிற்கும், குழாய்கள் மட்டும் விரிந்தே இருக்கும். ரத்தம் காலில் தேங்கி, தலை சுற்றி, பி.பி. மாத்திரையும் சேர்ந்துகொண்டால் ஆள் கீழே. கடைசி ஐந்து நிமிடம் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். உடனே வெந்நீரில் குளிக்கவும் வேண்டாம்.

11. டம்பெல்ஸ் தூக்கலாமா? வீட்ல தண்ணிக் குடம் தூக்கலாமா?

மூச்சை அடக்காமல், எடை குறைவாக, தடவை அதிகமாக என்றால் தூக்கலாம். தசை வலு இதய நோயாளிக்கும் வேண்டும். பைபாஸ் முடித்தவர்கள் மட்டும் நெஞ்செலும்பு ஒட்டி, அறுவை செய்த மருத்துவர் சரி என்று சொல்லும்வரை காத்திருக்க வேண்டும்.

ஆபத்து மூச்சைப் பிடித்து முக்குவதில் இருக்கிறது. 1985இல், பளு தூக்கிப் பழகிய திடகாத்திரமான ஆண்களின் தமனிக்குள்ளேயே குழாய் செருகி ரத்த அழுத்தத்தை அளந்தார்கள். இரண்டு காலாலும் கனமான பளுவை உதைத்துத் தள்ளும்போது சராசரி 320/250. ஒருவருக்கு 480/350ஐத் தாண்டியது. ஆரோக்கியமான குழாய் சில வினாடிகளுக்கு இதைப் பொறுத்துக்கொள்ளும். நிறைகுடத்தைக் குனிந்து எடுக்கும் அந்த நொடியில் முகம் சிவந்து, உதடு இறுகி, மூச்சு நிற்கும் பாருங்கள், அதுவும் இதே வகைதான், அளவுதான் குறைவு. ஆளில்லாமல் தூக்கியே ஆகவேண்டும் என்றால் அரைக்குடமாக இரண்டு நடை. தூக்கும்போது வாய்வழியாக மூச்சை விடுங்கள்.

வரிசையும் முக்கியம். கடினமான பளுப் பயிற்சி மட்டும் நான்கு மாதம் செய்த ஆரோக்கியமான இளைஞர்களின் கழுத்துக் குழாய் நெகிழ்வு 19 சதவீதம் குறைந்தது என்று 2004இல் ஜப்பானில் கண்டார்கள். நிறுத்தியதும் அது திரும்பிவிட்டது. அங்கேயே 2007இல் வந்த ஆய்வில், பளுவுக்குப் பிறகு ஓட்டப் பயிற்சி செய்தவர்களுக்கு விறைப்பு கூடவில்லை, குறைந்தது. எங்களிடம் லேசான டம்பெல் முதலில், நடை பிறகு. எடை அவ்வளவு லேசாக இருக்கும்போது வரிசையால் பெரிய வித்தியாசம் வராமலும் போகலாம், ஆனாலும் நல்ல பழக்கம்.

12. கைப்பிடி ஸ்பிரிங்கை ரெண்டு நிமிஷம் அழுத்திப் பிடிச்சா பி.பி. குறையுதாமே, வாட்ஸ்அப்ல வந்துச்சு.

செய்தி பொய்யில்லை. 2023இல் 270 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அசையாமல் பிடித்திருக்கும் பயிற்சிகளே ஓய்வு நேர ரத்த அழுத்தத்தை அதிகம் குறைத்தன, சராசரியாக 8/4 அளவுக்கு. சுவரில் சாய்ந்து உட்காருவதும் இந்த வகைதான். ஆனால் அது வாரக்கணக்கில் கிடைக்கும் பலன். பிடித்திருக்கும் அந்த இரண்டு நிமிடமும் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். இதய நோய் உள்ளவர் மருத்துவரிடம் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம். கேட்டு ஆரம்பித்தாலும் முழுப் பலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழுத்த வேண்டாம்.

13. என் பையன் ஹெச்.ஐ.ஐ.டி. பண்ணுங்கப்பா, நேரம் மிச்சம்னு சொல்றான். சரியா?

பையன் சொல்வதில் உண்மை உண்டு. வேகமாகச் சில நிமிடம், மெதுவாகச் சில நிமிடம் என்று மாற்றி மாற்றிச் செய்வதை நார்வேயில் இதய நோயாளிகளுக்கே கொடுக்கிறார்கள். அங்கே 4,846 நோயாளிகள், மொத்தம் 1,75,820 பயிற்சி மணி நேரம் என்று கணக்கெடுத்ததில், மிதமான பயிற்சியில் ஒரு மரணம், தீவிரப் பயிற்சியில் உயிர் பிழைத்த இரண்டு இதய நிறுத்தங்கள். தீவிரப் பயிற்சி செய்த மணி நேரமோ மிதமானதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். மொத்தத்தில் ஆபத்து குறைவு, ஆனால் அது கண்காணிப்போடு, இதயத்தை மீட்கும் கருவி பக்கத்தில் இருக்க நடந்தது. பெல்ஜியத்தில் 200 பேரிடம் ஒப்பிட்டபோது, மிதமாகத் தொடர்ந்து செய்தவர்களுக்கும் விட்டுவிட்டுத் தீவிரமாகச் செய்தவர்களுக்கும் உடல் திறன் ஒரே அளவுதான் கூடியது. மொட்டைமாடியில் யூடியூப் பார்த்துச் செய்ய இதில் எந்த அவசியமும் எனக்குத் தெரியவில்லை.

14. யோகா போதாதா?

நல்லது, ஆனால் நடைக்குப் பதிலாக இல்லை. இந்தியாவிலேயே 24 மருத்துவமனைகளில் மாரடைப்பு வந்த 3,959 பேரிடம் யோகா சார்ந்த மறுவாழ்வுத் திட்டத்தைச் சோதித்து 2020இல் முடிவு வெளியிட்டார்கள். மறுபடி மாரடைப்பு, மரணம் போன்றவற்றில் புள்ளியியல்படி உறுதியான வித்தியாசம் தெரியவில்லை. தங்கள் உடல்நிலை பற்றி அவர்களே கொடுத்த மதிப்பீடும், பழைய வேலைகளுக்குத் திரும்புவதும் முன்னேறின. மெதுவாக மூச்சுவிடும் பயிற்சி பி.பி.யைக் கொஞ்சம் இறக்கும். மூச்சை உள்ளே நிறுத்திப் பிடிப்பதும், தலைகீழாக நிற்பதும் வேண்டாம். காரணம் 11ஆம் கேள்வியில் இருக்கிறது.

15. காபி குடிச்சிட்டு வாக்கிங் போகலாமா? கூடவே ஒரு தம்...?

காபி குடித்த சில மணி நேரத்துக்கு விறைப்பு கொஞ்சம் கூடும், அதனால்தான் அளப்பதற்கு முன் மூன்று மணி நேரம் காபி, சிகரெட் இரண்டும் கூடாது என்கிறார்கள். ஒரு சின்ன டம்ளர் காபிக்கு நான் யாரையும் திட்டுவதில்லை. தம் வேறு. ஒரே சிகரெட் குழாயை உடனே விறைக்க வைக்கும். பத்து நிமிட நடை கொடுத்ததை அதுவே எடுத்துக்கொள்ளும். வாக்கிங் முடித்து டீக்கடையில் நின்று பற்ற வைப்பவர்களுக்குச் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

16. நடக்க ஆரம்பிச்சா நெஞ்சு பிடிக்குது, கொஞ்சம் நின்னு மறுபடி நடந்தா வர்றதில்ல. அப்ப சரியாயிடுச்சுன்னுதானே அர்த்தம்?

அப்படி எடுத்துக்கொள்ளக்கூடாது. முதல் நடையில் வலி வந்து, சற்று ஓய்வுக்குப் பிறகு அதே தூரத்தை வலியில்லாமல் நடக்க முடிவது மருத்துவர்களுக்கு நெடுங்காலமாகத் தெரிந்த ஒன்று. முதல் சுற்று இதயத்தைத் தயார்ப்படுத்திவிடுகிறது. பத்தாவது கேள்வியில் வார்ம்-அப்புக்கு நான் இவ்வளவு வாதாடியதற்கு இதுவும் காரணம். ஆனால் வலி வந்தது என்பதே ரத்தம் பற்றவில்லை என்ற செய்தி. மருத்துவரிடம் சொல்லாமல் "நின்னு நின்னு" சமாளிப்பது ஆபத்தான பழக்கம்.

வலி வந்தால் நில்லுங்கள், உட்காருங்கள், மருத்துவர் கொடுத்திருந்தால் மாத்திரையை நாக்குக்கு அடியில் வையுங்கள். ஐந்து நிமிடத்தில் அடங்கவில்லை என்றால் 108. தாடை, இடது கை, முதுகு, மேல்வயிறு என்று எங்கே பிடித்தாலும் இதேதான். "வாயுவாத்தான் இருக்கும்" என்று வீட்டுக்கு நடந்து வருவது கூடவே கூடாது. வழக்கத்தைவிடக் குறைந்த தூரத்தில் வலி வர ஆரம்பித்தாலோ, உட்கார்ந்திருக்கும்போதே வந்தாலோ, அன்றே போய்ப் பாருங்கள்.

17. மூணு மாசமா விடாம நடக்கிறேன், அந்த அலை வேக எண் குறையவே இல்லை. வீணா?

முதலில் அளவையே சந்தேகப்படுங்கள். போனமுறை காலை வெறும் வயிறு, இந்தமுறை மத்தியானம் காபிக்குப் பிறகு என்றால் இரண்டையும் ஒப்பிட முடியாது. அன்றைய பி.பி. கூடுதலாக இருந்தாலே எண் கூடும். வேறு மெஷின் என்றால் சொல்லவே வேண்டாம். ரிப்போர்ட்டில் அலை திரும்பி வருவதைக் காட்டும் இன்னொரு சதவீதமும் இருக்கும். பீட்டா பிளாக்கர் நாடியைக் குறைப்பதாலேயே அது கூடித் தெரியும்.

எல்லாம் சரியாக இருந்தும் குறையவில்லை என்றால்? ஏழாவது கேள்வியில் சொன்னது போல, சுண்ணாம்பு படிந்த சுவரில் எண் அசையாமல் இருக்கலாம். வருடம் ஏற ஏற அது தானாக ஏறவேண்டியது, ஏறாமல் நிற்பதும் ஒரு பலன்தான். ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள், எத்தனை படி நிற்காமல் ஏறுகிறீர்கள், பி.பி. இடைவெளி எப்படி இருக்கிறது என்று பாருங்கள். உப்பையும் பாருங்கள், நாளுக்கு ஐந்து கிராமுக்குள் என்பது உலகச் சுகாதார அமைப்பின் கோடு. ஊறுகாயும் அப்பளமும் வடகமும் தொட்டுக்கொண்டு அந்தக் கோட்டுக்குள் நிற்பது கஷ்டம். தனிப்பட்ட முறையில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்தச் சோதனைக்குக் காசு செலவழிப்பதை நான் ஆதரிப்பதில்லை.

18. யாரெல்லாம் ஆரம்பிக்கவே கூடாது?

நெஞ்சுவலி நிலையில்லாமல் அடிக்கடி வருகிறவர்கள், ஓய்வில் பி.பி.யின் மேல் எண் 180க்கு மேலோ கீழ் எண் 110க்கு மேலோ இருப்பவர்கள், மகாதமனி வால்வு மிகவும் சுருங்கித் தலைசுற்றலோ மயக்கமோ வருகிறவர்கள், கட்டுக்குள் வராத இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்கள், கால் வீங்கி, படுத்தால் மூச்சுத் திணறுகிற அளவில் இதயச் செயலிழப்பு முற்றியிருப்பவர்கள். மகாதமனி வீங்கியோ கிழிந்தோ இருப்பவர்களும் தனியாக ஆரம்பிக்கக்கூடாது. இவர்களில் பலர் சிகிச்சைக்குப் பிறகு எங்களிடமே வந்து நடந்திருக்கிறார்கள். முதலில் சிகிச்சை, பிறகு நடை.

19. நடுவுல பத்து நாள் காய்ச்சல்ல விட்டுட்டேன். எல்லாம் போச்சா?

ஆறாவது கேள்வியின் கணக்குப்படி அன்றன்றைய தளர்வு போய்விட்டது, மாதக்கணக்கில் சேர்ந்ததில் கொஞ்சம்தான் தேய்ந்திருக்கும். விட்ட இடத்திலிருந்தே தொடங்காதீர்கள். காய்ச்சல் முழுவதும் விட்டு, உடல்வலி போன பிறகு, பழைய நேரத்தில் பாதியோடு ஆரம்பித்து ஒரு வாரத்தில் பழையபடி வந்துவிடலாம். காய்ச்சலுக்குப் பிறகு நெஞ்சு படபடப்போ, முன்பு இல்லாத மூச்சிரைப்போ இருந்தால் நடைக்கு முன் ஒரு இ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். சில வைரஸ் காய்ச்சல்கள் இதயத் தசையையும் தொடும், அந்த நேரத்தில் நடக்கவே கூடாது.